மேடை யாருடையது?

கியோட்டோவில் ஆடிய பெண்கள் அரங்கத்தையும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் ஆட்டம் அரங்கம் ஏறியது. ஆடிய பெண்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

ஏப்ரல் பிறந்தால் ஜப்பானின் கியோட்டோ நகரில், கியோன் பகுதியில் டிக்கெட்டுக்குக் கூட்டம் சேரும். அரங்கத்தின் இருபுறமும் பார்வையாளர்களுக்கு நடுவே நீண்டு வரும் நடைமேடைகள். 'மியாகோ ஒதோரி' என்று உள்ளிருந்து ஒரு குரல் கூவ, பல குரல்கள் சேர்ந்து பதில் கொடுக்கின்றன. நீலக் கிமோனோ அணிந்த பெண்கள் விசிறிகளோடு இரு வரிசையாக உள்ளே வருகிறார்கள். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குத் திரை இறங்குவதே இல்லை. இளவேனில் கோடையாகிறது, கோடை இலையுதிர் காலமாகிறது, பனி பெய்கிறது, கடைசியில் மறுபடியும் செர்ரி மரங்கள் பூக்கின்றன. ஆடுகிறவர்கள் மட்டுமல்ல, ஷாமிசென் மீட்டுகிறவர்களும் பாடுகிறவர்களும்கூட அந்தப் பகுதியின் கெய்ஷாக்களே.

இது பழங்காலத்துச் சடங்கு என்று நினைத்தால் தவறு. தொடங்கியது 1872-இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பேரரசர் கியோட்டோவை விட்டுத் தோக்கியோவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகத் தலைநகராக இருந்த ஊர் ஒரே அடியாகக் களையிழந்தது. ஊரைத் தூக்கி நிறுத்த ஒரு பொருட்காட்சி நடத்துவது என்று முடிவாயிற்று. வருகிறவர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமே! அதிகாரி மகிமுரா மசனவோவும் 'இச்சிரிக்கி' தேநீர் விடுதியின் உரிமையாளர் சுகியுரா ஜிரோயேமொனும் கியோன் பெண்களைப் பொதுமேடை ஏற்றலாம் என்று யோசனை சொன்னார்கள். நடனத்தை அமைத்துக் கொடுத்தவர் மூன்றாம் இனோவே யச்சியோ என்ற பெண் ஆசிரியர். அதுவரை பாய் விரித்த அறைக்குள் நாலைந்து பேர் முன்னால் ஆடப்பட்டது, காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய எவரும் பார்க்கலாம் என்றானது. அந்த ஆண்டே பக்கத்துப் பொன்தோச்சோ பகுதியில் 'கமோகவா ஒதோரி'யும் தொடங்கியது. தோக்கியோவின் ஷிம்பாஷி கெய்ஷாக்களுக்கு 1925-இல் தனி அரங்கமே எழுந்தது.

கவனிக்க வேண்டியது ஆட்டத்தை அல்ல, அதன் பின்னணி ஏற்பாட்டை. கியோன் அரங்கம், அந்தப் பெண்கள் படிக்கிற பள்ளியின் நிறுவனத்துக்குச் சொந்தம். அந்தப் பள்ளியில் தேர்ச்சி பெற்று வெளியேறுவது என்ற பேச்சே கிடையாது. எழுபது வயதுக் கலைஞரும் நடனமோ தாளமோ கற்க வகுப்புக்கு வருவார். இனோவே பள்ளி நடனத்தின் தலைமை பெண்களிடமே கைமாறி வருகிறது. நான்காம் யச்சியோவை ஜப்பான் அரசு 1955-இல் 'வாழும் தேசியச் செல்வம்' வரிசையில் சேர்த்தது. ஐந்தாமவருக்கும் அந்த மரியாதை கிடைத்தது. போர்க்காலத்தில் 1944 முதல் சில ஆண்டுகளும், கொரோனாவின்போதும் ஆட்டம் நின்றது. நின்ற பிறகு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

இதையெல்லாம் சொர்க்கம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளை விடுதிகளில் விட்ட காலம் அங்கேயும் இருந்தது. தங்கள் உலகைத் தவறாகச் சித்திரித்துவிட்டதாக, 'மெமாயர்ஸ் ஆஃப் எ கெய்ஷா' நாவல் எழுதிய அமெரிக்கரான ஆர்தர் கோல்டன்மீது கியோன் கெய்ஷா இவாசாகி மினேகோ வழக்குத் தொடுத்தார். தன் கதையைத் தானே எழுதினார். 2022-இல், பயிற்சிப் பருவத்தில் தனக்கு நேர்ந்த கொடுமைகளைப் பற்றி முன்னாள் 'மைக்கோ' ஒருவர் பகிரங்கமாகப் பேசினார். ஜப்பானியப் பத்திரிகைகளில் பெரிய விவாதமானது. ஆனாலும் ஒன்று உண்மை. உடலை விற்கும் தொழிலைத் தடுக்க 1956-இல் ஜப்பான் சட்டம் போட்டபோது, ஷாமிசெனையும் நடனத்தையும் அந்தச் சட்டத்துக்குள் இழுக்கவில்லை.

நம் ஊரில் நடந்தது வேறு.

    பரதநாட்டியம் பலருக்கும் பள்ளி ஆண்டு விழா வழியாகப் பழக்கமான ஒன்று. சலங்கை கட்டி அலாரிப்பு ஆடுகிற சிறுமிக்கு அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. 

அது வந்த வீடுகளில் ஒன்று சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. வீணை தனம்மாள் (1867–1938) வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே வாசிப்பு நடக்கும். பெரிய வித்துவான்களும் வக்கீல்களும் பாயில் வந்து உட்கார்ந்து, இருமக்கூட அஞ்சிக் கேட்பார்கள். பிற்காலத்தில் அவருக்குப் பார்வை மங்கியது, காது மங்கவில்லை. பதங்களும் ஜாவளிகளும் அந்த வீட்டின் சொத்து. தனம்மாளின் மகள் ஜயம்மாள் பாடகி. ஜயம்மாளின் மகள் பாலசரஸ்வதி. தனம்மாளின் மற்றப் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் பாடிய பதங்களைக் கேட்டுப் பாடம் செய்துகொள்ளாத சங்கீதக்காரர்கள் குறைவு.

இந்த வீட்டுப் பெண்களைப் போலவே தேவதாசி மரபில் வந்த பலருக்கு முதல் பொதுமேடை சபா அல்ல, இசைத்தட்டு. குடும்பப் பெண் பாடுவதே தகாது என்றிருந்த காலத்தில், கிராமபோன் கம்பெனிகளுக்குப் பாட வந்தவர்கள் இவர்கள்தான். கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டு பிரான்ஸ் வரைக்கும் போனது. மொரீஸ் தெலாழ் என்ற இசையமைப்பாளர் அதில் மயங்கி, 1912 வாக்கில் இந்தியா வந்தபோது அவரைத் தேடிப் போய்க் கேட்டார். தாயி பாட்டின் சாயல் அவருடைய சொந்தப் படைப்பிலும் ஏறியது. கியோட்டோ கெய்ஷாக்களைப் பார்க்க ஐரோப்பியர் கப்பல் ஏறிய அதே காலம் அது.

மேடை கிடைக்காதபோது சொந்த மேடையை அமைத்துக்கொண்டவர் ஒருவர் உண்டு: பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் சிதைந்து கிடந்த தியாகராஜர் சமாதியைத் தன் சேமிப்பைக் கொட்டிக் கோயிலாக எழுப்பியவர் அவர். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. ஆண்கள் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து தனித்தனியே விழா நடத்திக்கொண்டிருந்தார்கள். நாகரத்தினம்மாள் மூன்றாவதாகப் பெண்கள் கட்சியைத் தொடங்கினார். சமாதி இருந்த இடமே அவர் முயற்சியால் கிடைத்தது என்பதால் யாராலும் தடுக்க முடியவில்லை. 1940 வாக்கில் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. இன்றைக்கு ஆண்களும் பெண்களுமாகச் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள், அதன் பின்னால் ஒரு தேவதாசியின் பிடிவாதம் இருந்ததை எப்போதாவது கேள்விப்பட்டிருப்பார்கள். தியாகராஜருக்கு எதிரேதான் அவருடைய சமாதி.

ஆட்டத்துக்கு இவ்வளவு நல்ல முடிவு வாய்க்கவில்லை.

சதிர் என்றும் சின்னமேளம் என்றும் அழைக்கப்பட்ட ஆட்டம் அது. நட்டுவனாரும் பாடுகிறவர்களும் மத்தளக்காரரும் ஆடுபவளின் பின்னால் நின்றபடியே, அவள் முன்னே வந்தால் வந்து, பின்வாங்கினால் வாங்கி, கூடவே நகர்வார்கள். கோயில், ஜமீன் மாளிகை, கல்யாணப் பந்தல், எங்கும் சதிர் இருந்தது. அந்த வாழ்க்கைக்குள் சுரண்டலும் இருந்தது; சிறுமிகளைப் பொட்டுக்கட்டி (கோயிலுக்கு நேர்ந்துவிட்டு), பணக்காரர்களின் ஆசைக்கு விட்ட வேதனையும் இருந்தது. இதை வெளியிலிருந்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லவில்லை. இந்த வழக்கத்தை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள் அந்தச் சமூகத்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தாசி வாழ்வின் வலியை அறிந்தே 1936-இல் நாவல் எழுதினார். அவர்களின் கோபத்தைக் குறை சொல்ல இடமில்லை.

முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் குரல் எழுப்பினார். தேவதாசிகள் சங்கம் வைத்து எதிர்த்தார்கள். நாகரத்தினம்மாள் அதில் முன்னணியில் இருந்தார். நாங்கள் கலைஞர்கள், எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பறிக்காதீர்கள் என்பது அவர்கள் முறையீடு. 1929-இல் கோயில் மானிய நிலங்கள் பற்றிய சட்டம் வந்தது. 1947-இல் வந்த சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்ததோடு நிற்கவில்லை. கோயில் வளாகத்திலோ சுவாமி புறப்பாட்டிலோ ஒரு பெண் ஆடுவதையே சட்டவிரோதமாக்கியது. கேட்ட கேள்வி சரியானது. கிடைத்த பதிலோ ஆட்டத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது.

இடைப்பட்ட காலத்தில் இன்னொரு நாடகம் நடந்தது. ஈ. கிருஷ்ணய்யர் என்ற வக்கீல், பெண் வேடமிட்டுத் தானே சதிர் ஆடி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். மியூசிக் அகாதெமியின் செயலாளர்களில் ஒருவராக இருந்து, 1931 மார்ச் 15-ஆம் தேதி கல்யாணி அம்மாளின் மகள்கள் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரையும் அகாதெமி மேடையில் ஆட வைத்தார். முதல் முறை பெரிய கூட்டம் இல்லை. 1933 புத்தாண்டு நாளில் அவர்கள் மறுபடி ஆடியபோது, பார்க்க வந்தவர்களில் ருக்மிணி தேவியும் ஒருவர். அதே ஆண்டில் பதினைந்து வயது பாலசரஸ்வதியும் அகாதெமியில் ஆடினார். ஒரு பக்கம் பத்திரிகையில் கிருஷ்ணய்யரும் முத்துலட்சுமி ரெட்டியும் மோதிக்கொள்ள, மறுபக்கம் அகாதெமியில் டிக்கெட் விற்றது. சதிருக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்ததும் இந்தக் காலத்தில்தான்.

கியோட்டோவின் 1872-ஐப் போல ஒரு தருணம் அப்போது சென்னையில் கனிந்திருந்தது. மேடை இருந்தது, ரசிகர்கள் வந்தார்கள், கலைஞர்கள் இருந்தார்கள். ஆனால் அரங்கமும் பள்ளியும் அந்தப் பெண்களின் கைக்குப் போகவில்லை. ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. அவருடைய உழைப்பும் ரசனையும் சாதாரணமானவை அல்ல. மேடை அமைப்பு, உடை, ஒழுங்கான பாடத்திட்டம் எல்லாம் அவர் கொடை. அவருக்குக் கற்பித்தவர்கள் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் மயிலாப்பூர் கௌரி அம்மாளும். சிருங்காரம் மிகுந்த பதங்களும் ஜாவளிகளும் அவர் கையில் குறைந்தன, பக்தி கூடியது. மேல்சாதிக் குடும்பங்கள் தயக்கமின்றிப் பெண்களை நடன வகுப்புக்கு அனுப்பத் தொடங்கின.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு கோணம் உண்டு. அதே சமூகத்து ஆண்கள் நட்டுவனார்களாக வாழ்ந்துகொண்டார்கள். வழுவூர் ராமையா பிள்ளை குமாரி கமலாவைத் திரையில் மின்ன வைத்தார். தண்டாயுதபாணி பிள்ளை சினிமாவுக்கும் சபாவுக்கும் மாணவிகளை உருவாக்கினார். பாட்டில் பெண்களுக்கும் வழி கிடைத்தது: மதுரை சண்முகவடிவின் மகள் எம்.எஸ். சுப்புலட்சுமியைச் சொன்னாலே போதும். ஆடிய பெண்களுக்கு மட்டும்தான் கதவு மூடியது. கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். அபிநயத்தில் அவரிடம் கற்காத பெரிய நடனமணிகள் குறைவு. 1971-இல் அவர் இறந்தபோது கையில் ஒன்றுமில்லை.

கதவுக்குள் காலை வைத்துக்கொண்டு நின்றவர் பாலசரஸ்வதி. கோயிலில் கௌரி அம்மாள் ஆடுவதைச் சிறுவயதில் பார்த்துத்தான் அவருக்கு ஆசை வந்தது. கந்தப்பப் பிள்ளையிடம் கற்று, 1925-இல் காஞ்சிபுரத்தில் ஒரு அம்மன் கோயிலில் அரங்கேறினார், வயது ஏழு. சிருங்காரத்தை வெட்டி எறிய அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பதம் பாடிக்கொண்டே அதற்கு அபிநயம் பிடிப்பார். ஒரே வரி பத்து விதமாக முகத்தில் விரியும். மேடை அலங்காரம் அவருக்குத் தேவைப்படவில்லை, ஒரு நாற்காலி கூட வேண்டாம்.

1961-இல் தோக்கியோவில் கிழக்கு-மேற்கு இசைச் சந்திப்பு என்ற பெரிய மாநாடு கூடியது. பாலசரஸ்வதியின் முதல் வெளிநாட்டு மேடை அதுதான். மறு ஆண்டு அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ விழா, அதற்கு அடுத்து எடின்பரோ. அவருடைய தம்பிகள் புல்லாங்குழல் விஸ்வநாதனும் மிருதங்கம் ரங்கநாதனும் அமெரிக்கக் கல்லூரிகளில் கற்பித்தார்கள். வெஸ்லியன் பல்கலைக்கழகம் இவர்கள் குடும்பத்துக்கு இன்னொரு ஜார்ஜ் டவுன் வீடானது. சென்னையில் அவருக்கு மாணவிகள் குறைவாக இருந்த ஆண்டுகளில் கலிபோர்னியாவில் வரிசை நின்றது. தாமதமாக உள்ளூரும் விழித்தது. 1973-இல் மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. நடனக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அந்த ஒரு தடவைதான். 1976-இல் சத்யஜித் ராய் 'பாலா' என்று ஆவணப்படம் எடுத்தார். கடற்கரையில் காற்று புடவையைப் பிடித்து இழுக்க, அம்பத்தெட்டு வயதில் அவர் அந்தப் படத்தில் குழந்தைக் கண்ணனைக் கூப்பிடுவதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. 1984 பிப்ரவரியில் மறைந்தார்.

பாலசரஸ்வதிக்குப் பெயரும் உலகமும் துணைநின்றன. புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலையில் இருந்தவர்களுக்கு மலைதான் துணை.   அங்கே முப்பத்திரண்டு பெண்கள் முருகனுக்கு ஆடினார்கள். அவர்களில் முத்துக்கண்ணம்மாள் ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்டவர். தந்தையே நட்டுவனார். தினமும் மலையேறிப் பாடி ஆடி, விழாக்களில் விராலிமலைக் குறவஞ்சியும் ஆடியவர். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, சட்டம் வந்தது, கோயில் ஆட்டம் நின்றது. ஆனால் அவர் மனத்தில் பாட்டும் அடவும் நிற்கவில்லை. எண்பது வயதை ஒட்டியும் ஆடிக்கொண்டே தானே பாடுவார். பாட்டுக்கு ஒருவர், ஆட்டத்துக்கு ஒருவர் என்ற பிரிவினை அவர் காலத்தில் கிடையாது. சதிர் என்பது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்களும் நடனக் கலைஞர்களும் விராலிமலை போனார்கள். 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

விருது வந்தது நல்லது. ஆனால் விருதுக்கும் ஏற்பாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழர்கள் கியோட்டோ போக வேண்டியதில்லை, தஞ்சாவூர் போதும். ராஜராஜன் பெரிய கோயிலில் கோயிலில் ஆடும் நானூறு தளிச்சேரிப் பெண்களைக் குடியேற்றினான். அவர்கள் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எல்லாமே கல்லில் வெட்டியிருக்கின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ விட்டுப் போனாலோ பங்கு அவளுடைய உறவிலேயே தகுதியுள்ளவருக்குப் போகும். நட்டுவனார்க்கும் இசைக்காரருக்கும் தனிப் பங்கு. மன்னன் தயவில் நடந்த ஏற்பாடுதான், சுதந்திரம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் யார் ஆடினார்கள் என்பது சுவரில் இருக்கிறது. கியோனிலும் நிகழ்ச்சித்தாளில் அந்தந்தக் காட்சியில் ஆடும் ஒவ்வொருவர் பெயரும் அச்சாகிறது.

1947 சட்டம் கோயிலுக்குள் பெண் ஆடுவதைத் தடுத்தது. 1981-இல் சிதம்பரத்தில் மகா சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி தொடங்கியது. உலகம் முழுவதிலிருந்தும் மருத்துவர், பொறியாளர், மாணவி எனப் பலரும் நடராஜர் சந்நிதியில் ஆட வந்தார்கள். பிறகு தஞ்சை, கும்பகோணம், பல கோயில்களிலும் நாட்டியாஞ்சலி பரவியது. 2010 செப்டம்பரில் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு, பத்மா சுப்ரமணியம் தலைமையில் ஆயிரம் பேர் ஆடினார்கள். விழாவை நடத்தியது மு. கருணாநிதியின் அரசு. அவரே, தேவதாசிகளும் நட்டுவனார்களும் வந்த இசைவேளாளர் சமூகத்தில் பிறந்தவர்.

இப்போது அந்த வீடுகளிலிருந்து சில இளம் குரல்கள் கேட்கின்றன. சுவாமிமலை ராஜரத்தினம் பிள்ளையின் வழிவந்த நிருத்யா பிள்ளை மேடையில் ஆடுவதோடு, ஆட்டத்தின் வரலாற்றில் சாதி செய்த வேலையைப் பற்றி எழுதுகிறார், பேசுகிறார். பாலசரஸ்வதியின் பேரன் அனிருத்தா நைட் பாட்டி விட்டுச் சென்ற பதங்களையும் வர்ணங்களையும் ஆடிவருகிறார். சபாக்களின் மார்கழிப் பட்டியலில் இப்படிப்பட்டவர்களுக்கு மாலை நேர இடம் எத்தனை, மாணவிகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பு எத்தனை, பாடத்திட்டத்தில் கௌரி அம்மாளுக்கு எத்தனை பக்கம் என்ற கேள்விகள் இன்னும் அகாதெமிகளின் கூட்ட அறைகளுக்குள் நுழையக் காத்திருக்கின்றன. கியோனில் அந்தக் கேள்விகள் எழவில்லை. அங்கே அடுத்த ஏப்ரலுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்.